சுவரில் நீண்ட இடது கை

ஒடும்கிரோம்,
மார்ச் 4

துவுமாசிக்கு,

போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். நீ சனிக்கிழமையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தால் அது உன் தலையெழுத்து. உன் அழைப்பு மட்டுமா வருகிறது? குமாசியிலிருந்து, தக்கொராடியிலிருந்து, இத்தாலியில் தக்காளி பறிக்கப் போன என் பெரியம்மா மகனிடமிருந்துகூட வருகிறது. எல்லோருக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்வி. "ஏம்மா பிராகோ, நம்ம ராணித்தாய் முன்னாடி இடது கையயா நீட்டின?"

அதனால் இனிமேல் கடிதம்தான். அக்ரா பஸ் ஓட்டும் ஒஃபோரியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. மனிதர் பிரித்துப் படிக்க மாட்டார், கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது.

சனிக்கிழமை உன்னையும் உன் பெட்டிகளையும் வண்டியில் திணித்து அனுப்பிவிட்டார்கள். நல்லதுதான், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அடி விழுந்திருக்கும். படம் காட்டியபோது நீ கூடத்தின் பின்னால் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாய், நான் பெண்கள் வரிசையில் இருந்தேன். அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், கேள்.

ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, மதியத்தையே இருட்டாக்கி, சுவரில் அந்த ஒளிப்பெண் எழுந்து நின்றபோது சாவு வீட்டுக் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நீ ஸ்டுடியோவில் பதிவு செய்த என் உடம்பின் ஆட்டம். ஆனால் அவள் உடுத்தியிருந்தது ராணித்தாயின் இறந்துபோன அக்கா விட்டுப்போன துணிகள். நீ ஒவ்வொன்றாகப் படமெடுத்தாயே, அவைதான். அவள் திரும்பத் திரும்பத் துணி மாறிக்கொண்டே இருந்தது. ராணித்தாய் தன் அக்காவின் மஞ்சள் துணியை அடையாளம் கண்டு, "அது நான் வாங்கிக் குடுத்தது" என்று சத்தமாகவே சொன்னார். அழுதார். எனக்கு நெஞ்சு விரிந்து போயிருந்தது, துவுமாசி. நம் இரண்டு வருட உழைப்பு பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் அடோவா ஆட்டத்தின் அந்த முத்திரை வந்தது. ராணித்தாயை நோக்கிக் கையை நீட்டி, "உங்களை நம்பித்தான் நிற்கிறேன்" என்று சொல்லும் இடம். ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு இருக்கும் அந்தப் பெண் நீட்டினாள். இடது கையை.

கொட்டு நின்றது. யாரோ ஒரு கிழவர், "வெளிச்சத்துல செஞ்சு நீட்டினா மட்டும் இடது கை வலது கை ஆயிடுமா?" என்று கத்தினார். ராணித்தாய் எழுந்து உள்ளே போய்விட்டார். யாரும் சுவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஸ்டுடியோவில் நான் எந்தக் கையை நீட்டினேன்?

பிராகோ


அக்ரா,
மார்ச் 8

பிராகோ,

உன் கடிதத்தை ஒஃபோரி நீட்டியபோது, "பாத்துக்க தம்பி, வலது கையாலதான் குடுக்கிறேன்" என்றார். பார்சல் வாங்க நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. ஆக, செய்தி எனக்கு முன்பே அக்ரா வந்து சேர்ந்துவிட்டது.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் எழுத மூன்று நாளாகப் பார்க்கிறேன். மூன்று தாள் கிழித்தாயிற்று.

அந்தக் கருவிக்கு வலதும் தெரியாது, இடதும் தெரியாது. நீ போட்டிருந்த கறுப்பு உடையில் ஒட்டிய சின்ன உருண்டைகள் எந்த நொடியில் எங்கே இருந்தன என்பதை மட்டும் அது எழுதி வைத்துக்கொள்ளும். சனிக்கிழமைக்குப் பிறகு அதைப் பத்து முறையாவது திறந்து பார்த்துவிட்டேன். நான் எதையும் புரட்டவில்லை. திருத்தவில்லை. உடம்பு என்ன செய்ததோ அதுதான் சுவரில் வந்தது.

இதை எழுதும்போதே நீ எப்படி முறைப்பாய் என்று தெரிகிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு நாளில் பதினான்கு முறை ஆடினாய். நான்தான் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று உயிரை வாங்கினேன். சுவரில் போட்டது பதினோராவது ஆட்டம். அந்த நேரத்தில் யாருக்கு எந்தக் கை என்று... சரி, விடு. எனக்கு இதைச் சரியாகச் சொல்ல வரவில்லை.

ராணித்தாய் என்ன சொல்லியிருக்கிறார்? உன்னை ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? கதவு தட்டிப் பெண் கேட்க எங்கள் வீட்டார் ஈஸ்டர் கழித்து வருவதாக இருந்ததே, அதைப் பற்றி உன் மாமா ஏதாவது சொன்னாரா? போனை அரிசிப் பானையிலிருந்து எடு. ஒரே ஒரு நிமிடம் உன் குரலைக் கேட்டால் போதும்.

துவுமாசி


ஒடும்கிரோம்,
மார்ச் 11

துவுமாசி,

என் குரலைக் கேட்க வேண்டுமா? நல்லவேளை கேட்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி கென்கே வேகும் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

உடம்பு செய்ததுதான் வந்ததாம்! பதினோராவது ஆட்டத்தை யார் தேர்ந்தெடுத்தது? நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே ஸ்டுடியோத் திரையில் பார்த்தோமே. திரையில் அவள் வலது கையைத்தான் நீட்டினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். "இதுதான், இதையே போடு" என்று நான்தானே சொன்னேன்? இடது கை தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? ஸ்டுடியோவில் வலது, சுவரில் இடது. நடுவில் இருந்தவன் நீ ஒருவன்தான். இதற்கு நான் பள்ளிக்கூடம் போக வேண்டுமா?

நீ இடது கைக்காரன். பேனா பிடிப்பது அதில், மவுஸ் பிடிப்பது அதில். எதையோ மாற்றி அழுத்திவிட்டு, வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருப்பாய். அதை ஒத்துக்கொண்டால் தொலைந்தது. அதை விட்டுவிட்டு, பொய்யனே, என் உடம்பின் மேல் பழி போடுகிறாய்.

குழுவில் இனி நான் இல்லை. முடிவாகவில்லை, ஆனால் முன்வரிசையில் ஆட உடுத்தும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாங்க வந்தவளுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை ராணித்தாயின் சபையில் நான் பதில் சொல்ல வேண்டும். குற்றம் என் மேல் என்று ஆனால் இந்த ஊரில் இனி எந்தச் சாவுக்கும், எந்த விழாவுக்கும் நான் ஆட முடியாது. பதினைந்து வயதில் ராணித்தாயின் முற்றத்தில் ஆடக் கால் வைத்தவள். எனக்கு வேறு என்ன தெரியும், சொல்?

மாமா கதவு தட்டுவதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். "மொதல்ல அந்தக் கை யாரோடதுன்னு தெரியட்டும். அப்புறம் அவனுக்குக் கதவத் திறக்கலாமா வேண்டாமான்னு பாக்கலாம்" என்கிறார்.

இன்னொன்று. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ஃபுஃபு சாப்பிடும்போது என் கையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். கடையில் சில்லறை வாங்கும்போதும் பார்க்கிறேன். வலதுதான். எப்போதும் வலதுதான். ஆனாலும் பார்க்கிறேன். முப்பத்தோரு வயதில் என் கையை நான் வேவு பார்க்கிறேன். எனக்குக் கிறுக்குப் பிடிக்கிறதா, நீ பிடிக்க வைக்கிறாயா என்று தெரியவில்லை.

பிராகோ


அக்ரா,
மார்ச் 14

என் பிராகோ,

பொய்யன் என்று எழுதியிருக்கிறாய். நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன் என்றும் சொல்ல மாட்டேன். இதற்கு மேல் இதைக் கிளறாதே, தயவுசெய்து.

யோசித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் வருகிறேன். சபையில் நின்று, படத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டது நான்தான், பிராகோ வலது கையைத்தான் நீட்டினாள் என்று சொல்லிவிடுகிறேன். அபராதமாக ஓர் ஆட்டையும் மதுப்புட்டியையும் நானே கொண்டு வருகிறேன். அவர்களுக்கு வேண்டியது ஒரு ஆள். அது ஏன் நானாக இருக்கக் கூடாது? என்னை அங்கே ஆட விடாவிட்டால் எனக்கு என்ன நட்டம், நான் ஆடினால் கோழிகூடச் சிரிக்கும்.

அந்த ஒளிப்பெண்ணை இனி யாருக்கும் காட்டாதே என்பார்கள். மே மாதம் இங்கே ஒரு கலைக்கூடத்தில் வைப்பதாக இருந்தது. கேட்டவர்களிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போனால் போகட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. இரண்டு வருடம் அவளோடு இருந்திருக்கிறேன். ஆனால் நீ ஆடாமல் இருப்பதற்கு அவள் இல்லாமல் இருப்பது மேல். இது நிச்சயம்.

வேண்டாம் என்றால் உடனே எழுது.

துவுமாசி


ஒடும்கிரோம்,
மார்ச் 18

துவுமாசி,

வராதே. வந்தாலும் வாயைத் திறக்காதே. ஒஃபோரியின் பஸ் இன்று கிளம்பவில்லையாம், நாளை கிளம்பும் என்கிறார்கள். எப்படியும் புதன்கிழமைக்குள் இது உன் கையில் இருக்க வேண்டும்.

நான்தான் செய்தேன்.

இன்று காலை ஆன்ட்டி ஃபெலிசியாவின் தையல் கடைக்குப் போனேன். சபைக்குப் போட்டுக்கொள்ள மேல்சட்டை தைக்கக் கொடுத்திருந்தேன். அங்கே சுவர் உயரத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. ஆன்ட்டி வாயில் ஊசியை வைத்துக்கொண்டு, "கையத் தூக்கிப் பாரு, அக்குள்ள பிடிக்குதா?" என்றாள். சட்டை போட்டால் நம்மால் சும்மா நிற்க முடியுமா? அந்த முத்திரையைச் செய்தேன். வலது கையை முன்னால் நீட்டினேன்.

கண்ணாடியில் எனக்கு எதிரே நின்றவள் இடது கையை நீட்டினாள்.

அடுத்த நொடி, நான் நினைக்காமலே, என் கை மாறிவிட்டது. வலதை இறக்கி இடதை நீட்டினேன். கண்ணாடியில் இருந்தவள் ஒழுங்காக வலது கையை நீட்டினாள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆன்ட்டி சட்டைதான் இறுக்குகிறது என்று நினைத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன் ஸ்டுடியோத் திரை ஒரு கண்ணாடி, இல்லையா? ஆடுகிறவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நீ அதைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாய். எனக்கு இப்போது எல்லாம் நினைவு வருகிறது. பத்து ஆட்டம் வரை நான் பார்க்கவில்லை, கண்ணைத் தாழ்த்தியே ஆடினேன். பதினோராவதில் நிமிர்ந்து பார்த்தேன். திரையில் அந்தப் பெண் என்னைப் பார்த்து இடது கையை நீட்டப் போகிறாள். ராணித்தாய் பார்க்கப் போவது அவளைத்தான், என்னை அல்லவே! அவள் மரியாதையோடு இருக்க வேண்டும் என்று என் கையை மாற்றினேன். அவளுக்காக மாற்றினேன், துவுமாசி. திரையில் எது தெரிகிறதோ அதுதான் சுவரிலும் தெரியும் என்று நினைத்தேன். சுவரில் போடும்போது நீ அந்தக் கண்ணாடிப் புரட்டலை எடுத்துவிட்டாய். எடுத்தது சரிதான். நான் செய்ததும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டு சரி சேர்ந்து இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

உன்னைப் பொய்யன் என்றேன். மன்னித்துக்கொள். இருபத்தொன்றாம் தேதி இதை நானே சொல்வேன். சபையில் யாருக்குப் புரியுமோ புரியாதோ, நானே சொல்வேன்.

பிராகோ


ஒடும்கிரோம்,
மார்ச் 22

துவுமாசி,

என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை என்று நேற்று சபை வாசலில் உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பஸ் ஆக்ஸில் உடைந்து வழியில் ன்காவ்காவில் மூன்று நாள் நின்றதாம். இப்போதாவது கிடைத்திருக்கும். அதைப் படித்துவிட்டு இதைப் படி.

நீ ஆட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாய். உன்னோடு பேச என்னை விடவில்லை, வழக்கு முடியும் வரை கூடாதென்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேசாதே என்று சைகை காட்டினேன். நீ அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ, தலையை ஆட்டினாய்.

முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியதை ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். உன்னைக் கூப்பிட்டார்கள். ராணித்தாய் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தும், நீ சொல்வதைச் சபைப் பேச்சாளர் வாங்கித்தான் அவருக்குச் சொன்னார். நீ சொன்னது ரொம்பச் சின்னது. "நான் ஒரு பொத்தானை மாத்தி அழுத்திட்டேன். படம் புரண்டுடுச்சு. பிராகோ வலது கையத்தான் நீட்டினா." பேச்சாளர் அதற்குப் பட்டும் சரிகையும் கட்டினார். "தாயே, இந்தப் பிள்ளையோட விரல் வழுக்கிச்சு, மனசு வழுக்கல. அந்தப் பொண்ணோட கை மழைத்தண்ணி மாதிரி சுத்தமானது. அழுக்குப் பட்டது சுவர்லதான்."

அதைக் கேட்டபோது என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். ஒருவேளை நிஜமாகவே பொத்தானாக இருக்குமோ, தையல் கடையில் நான் கண்டது வெறும் பயமோ என்று. யார் கை, எந்தப் பக்கம், எதில் எது தெரிந்தது என்று தலைக்குள் எல்லாம் சுழன்றது. அந்தச் சுழற்சி நிற்பதற்குள் ராணித்தாய் தலையசைத்துவிட்டார். பெண்கள் என் தோளில் வெள்ளைப் பொடியைத் தூவினார்கள். குற்றமற்றவளுக்குத் தூவுவது.

பொடி தோளில் விழுந்தபோது எனக்குத் தெளிந்துவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒளிப்பெண்ணை இனி எங்கும் காட்டக் கூடாது என்று சொன்னபோதும் திறக்கவில்லை. நீ குனிந்து சரி என்றாய். எல்லோரும் என் வலது கையைப் பிடித்துப் பிடித்துக் குலுக்கினார்கள். மாமா உன்னைப் பற்றி, "பய நேர்மையானவன்தான், தப்ப ஒத்துக்கிட்டான் பாரு" என்றார்.

நீ உண்மையைச் சொன்னபோது நான் உன்னைப் பொய்யன் என்றேன். நீ பொய் சொன்னதும் ஊரே உன்னை நேர்மையானவன் என்கிறது. நான் பேசாமல் நின்றதற்குப் பொறுமைசாலி என்று பெயர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, அது மட்டும் நன்றாகப் புரிகிறது.

முன்வரிசைத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாக இஸ்திரி போட்டு.

பிராகோ


அக்ரா,
மார்ச் 27

பிராகோ,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. ஒஃபோரி பஸ்ஸைத் திட்டிக்கொண்டே கொடுத்தார்.

முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும். அடுத்த அக்வாசிடே திருநாள் ஞாயிற்றுக்கிழமை நீ முற்றத்தில் ஆட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் நீ ஆட முடியாது. சபையில் பொய் சொன்னவன் என்று நானும் மாட்டுவேன். உன் மாமா எனக்குக் கதவென்ன, ஜன்னல்கூடத் திறக்க மாட்டார். யாருக்கு என்ன லாபம்?

கலைக்கூடத்துக்காரர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொந்தக் காரணம் என்றேன்.

உன் கடிதத்தில் நீ ஒன்றைத் தவறாக நினைத்திருக்கிறாய். அதை நேரில் சொல்கிறேன். இல்லை, சொல்லாமலே இருப்பதுதான் நல்லது. நீ ஆடு.

துவுமாசி


ஒடும்கிரோம்,
ஏப்ரல் 22

துவுமாசி,

சொல்லிவிட்டேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, முதலில் கேள்.

நேற்று ஞாயிறு. முற்றம் நிரம்பி வழிந்தது. கொட்டு என்னைக் கூப்பிட்டது. எழுந்து போய், ஆடுவதற்கு முன் ராணித்தாயை வணங்கிக் கையை நீட்ட வேண்டும். நீட்டினேன், வலதுதான். ஆனால் நீட்டும்போது அதைப் பார்த்துவிட்டேன். இது சரியான கைதானே என்று பார்த்தேன். அவ்வளவுதான், பாதம் தாளத்தை விட்டுவிட்டது. பதினாறு வருடத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. கொட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, எனக்காகத் தாளத்தை மெதுவாக்கினார். குழந்தைக்குச் செய்வதுபோல. எப்படியோ ஆடி முடித்தேன். கைதட்டினார்கள். என்னை மன்னித்துவிட்ட சந்தோஷத்தில் தட்டினார்கள், ஆட்டத்துக்கு அல்ல.

கூட்டம் கலைந்ததும் ராணித்தாயின் அறைக்குப் போனேன். பேச்சாளரும் அங்கே இருந்தார், அவர் இல்லாமல் பேச முடியாதே. கண்ணாடி, திரை, பதினோராவது ஆட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சாளர் வழக்கம்போல அலங்கரித்துச் சொல்லப் பார்த்தார். நடுவில் மாட்டிக்கொண்டு, "தாயே, இந்தப் பொண்ணு சொல்றது... இந்தப் பொண்ணு வலது கைய இடது கையாக்கி... இல்ல, இடதுதான் வலது..." என்று நின்றுவிட்டார். ராணித்தாய் அவரை ஒதுக்கிவிட்டு, "எந்திரிச்சு செஞ்சு காட்டு" என்று என்னிடமே நேராகப் பேசினார். அறையில் ஒரு கண்ணாடி இருந்தது. அவரையே அதன் முன் நிற்க வைத்தேன். கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்தார். அப்புறம், துவுமாசி, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கையும் மாறிவிட்டது.

கையை இறக்கிவிட்டுத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"இந்த வாசலுக்கு வர்றவங்க எல்லாரும் 'நான் இல்ல, அவன்தான்'னு சொல்வாங்க. அதுக்குத் தீர்ப்பு சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம். நீங்க ரெண்டு பேரும் 'நான்தான், நான்தான்'ங்கறீங்க. இத நான் எங்க போய்ச் சொல்றது?" என்றார்.

பேச்சாளர் தொண்டையைச் செருமி, "தாயே, அந்தப் பிள்ள கொண்டாந்த ஆட்டத் தின்னுட்டமே" என்றார். நிஜமாகவே அதுதான் அவருக்குப் பெரிய சிக்கல். தின்ற ஆட்டை வைத்து முடித்த வழக்கை எப்படித் திறப்பது?

ஆனாலும் திறந்துவிட்டார்கள். கை மாறியதற்கு எனக்குத் தண்டனை உண்டா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. உன் வழக்குதான் பெரிது. "கை பழக்கத்துல மாறும். வாய் அப்படி மாறாது. என் முன்னாடி நின்னு அவன் ஏன் பொய் சொன்னான்? அத அவனே வந்து சொல்லட்டும்" என்றார். மே இரண்டாம் தேதி வியாழக்கிழமை. மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

உன்னைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை. உன் முதுகில் ஏறி நின்று என்னால் ஆட முடியவில்லை. திட்டு. ஆனால் வா. இந்த முறை எனக்காக எதையும் சொல்லாதே. "அவளைக் காப்பாற்றப் பொய் சொன்னேன்" என்று மட்டும் சொல், போதும். நான் உன் பக்கத்திலேயே நிற்பேன்.

பிராகோ


அக்ரா,
ஏப்ரல் 26

என் பிராகோ,

திட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன், அந்தப் பேச்சாளரை நினைத்து. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

உன்னைக் காப்பாற்றப் பொய் சொன்னேன் என்று சபையில் சொன்னால் அது இரண்டாவது பொய். உன்னிடம் சொல்லாமல் விட்டது இதுதான்.

பதினோராவது ஆட்டத்தில் நீ கையை மாற்றியதை நான் பார்த்தேன். அன்றைக்கே பார்த்தேன். நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பக்கவாட்டில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை பாதி தூரம் போய் நின்றது, இடது எழுந்து வந்தது. "கை!" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். ஆட்டத்தை நிறுத்தியிருப்பாய், பன்னிரண்டாவதைப் போட்டிருப்போம்.

கத்தவில்லை. ஏன் என்று கேட்டால் உனக்கு அற்பமாகத் தெரியலாம். சின்ன வயதில், சாப்பாட்டு வேளையில் என் அம்மா என் இடது கையை முதுகுக்குப் பின்னால் துணியால் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அதே கையின் முட்டியில் பிரம்பு. இப்போதும் கடையில் ஒருவருக்கு எதையாவது நீட்டும்போது, அது தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மரியாதையாக ஒன்றைக் கொடுக்க அந்தக் கையால் முடியும் என்று எனக்கு யாரும் காட்டியதே இல்லை. நீ காட்டினாய். தெரியாமல்தான். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் மெல்ல விரிய, நீ அதை நீட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். திரையில் நீ ஏமாந்துபோய் "இதையே போடு" என்றாய். நானும் போட்டேன். அத்தனை வண்ணத்தில், அத்தனை துணிகளுக்கு நடுவே யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ராணித்தாயின் முன், அவர் அக்காவின் சாவு வீட்டில், தெரிந்தே போட்டேன்.

உடம்பு செய்ததுதான் வந்தது என்று உனக்கு எழுதினேனே. அது உண்மை. உன் கையை வேவு பார்ப்பதாக நீ எழுதிய பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதில் எல்லாவற்றையும்விட மோசமானது அதுதான். உனக்குக் கிறுக்குப் பிடிக்க வைத்தது நான்தான்.

எனவே நான் ஆட்டோடு வந்து "தவறு என்னுடையது" என்று சொன்னது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை. பொத்தான்தான் பொய்.

வியாழக்கிழமை வருகிறேன். இதையே சொல்லப் போகிறேன், அந்தக் கை அழகாக இருந்தது என்பதையும் சேர்த்து. அவர்கள் அதற்கு என்ன செய்வார்கள் என்று தெரியாது. என் பக்கத்தில் நிற்பதாக எழுதியிருக்கிறாய். இதைப் படிக்கும் முன் எழுதியது அது. நீ தள்ளி நின்றாலும் நான் சொல்வேன்.

துவுமாசி